தேடிச் சென்றவரைத் தேடிய பிள்ளைகள்

கடல் கடந்து புதுநிலம் காணச் சென்றோரை உலகம் போற்றுகின்றது. மலைகளும் நீரிணைகளும் அவர்தம் பெயரால் வழங்குகின்றன. பாடநூல்களில் அவர்தம் உருவப்படங்கள் இடம்பெறுகின்றன. அவர்கள் புறப்பட்ட நாளில் வீட்டு வாயிலில் நின்ற பிள்ளைகள் என்ன ஆயினர் என்னும் வினாவை மட்டும் எவரும் பெரிதாக எழுப்புவதில்லை. எழுப்பினாலும் அதற்கென்றே ஒரு விடை ஆயத்தமாகக் காத்திருக்கின்றது: தந்தையின் துணிவே பிள்ளைகளுக்கு ஊக்கமாயிற்று; அவர் காட்டிய வழியில் அவர்களும் உயர்ந்தனர். கேட்பதற்கு இனிய விடைதான். ஆயினும் அதனுள் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளைகள் ஊக்கம் பெற்றனர் என்பது ஒன்று. ஆதலால் தந்தை பிரிந்து சென்றது தக்கதே என்பது மற்றொன்று. முன்னது உண்மையாக இருக்கலாம். அது உண்மை என்பதனாலேயே பின்னதும் உண்மையாகிவிடுமா?

இவ்வினாவை மெய்யியல் நூல்கள் பலவற்றினும் தெளிவாக எடுத்து வைப்பது, சிறுவர்க்கென எழுதப்பட்ட ஒரு கதையாகும். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1867, 1868 ஆம் ஆண்டுகளில் நூலாக வெளியிட்ட 'கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்' என்னும் புதினமே அது. ஆண்டீஸ் மலையில் நிலநடுக்கம், தென்னமெரிக்கப் புல்வெளியில் வெள்ளம், ஆஸ்திரேலியக் காட்டில் கொள்ளைக் கூட்டம் என்று அடுக்கி வரும் வீர நிகழ்ச்சிகளுக்காகவே அதனைப் பலர் படிப்பர். ஆயின் நூலின் பெயரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கடலோடியின் பெயரை ஆசிரியர் தனியே சூட்டவில்லை. அவருடைய பிள்ளைகளையே தலைப்பில் நிறுத்தினார். மூன்று பாகங்களாக விரியும் அந்நூலில் தந்தை ஏறத்தாழ இல்லவே இல்லை எனலாம். இறுதி அதிகாரங்களில்தான் அவர் முகம் காட்டுகின்றார்.

ஹாரி கிராண்ட், ஸ்காட்லாந்து நாட்டுக் கடலோடி. பசிபிக் பெருங்கடலில் தம் நாட்டு மக்களுக்கென ஒரு குடியேற்றம் அமைத்தல் வேண்டும் என்பது அவர் கனவு. 'பிரிட்டானியா' என்னும் கப்பலைக் கட்டிக்கொண்டு 1861 இல் அவர் புறப்பட்டார். 1862 ஆம் ஆண்டின் நடுவில் செய்தி நின்றுபோயிற்று. ஈராண்டுகள் கழித்து, கிளெனார்வன் பிரபு என்பார் தம் புதிய 'டங்கன்' கப்பலை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சுறா பிடிபடுகின்றது. அதன் வயிற்றில் ஒரு போத்தல். போத்தலுக்குள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டுக் கடல்நீரால் அரிக்கப்பட்ட தாள்கள். கப்பல் உடைந்த இடம் 37 பாகை 11 கலை தென் அகலக்கோட்டில் உள்ளது என்பது மட்டும் தெரிகின்றது, நெடுங்கோடு அழிந்துவிட்டது. செய்தித்தாளில் வந்த அறிவிப்பைக் கண்டு பதினாறு வயது மேரியும் பன்னிரண்டு வயது ராபர்ட்டும் பிரபுவின் மாளிகைக்கு வந்து சேர்கின்றனர். அரசின் கடற்படைத் துறை தேட மறுத்துவிடுகின்றது. பிரபுவின் இளம் மனைவி ஹெலனாவோ, திருமணப் பயணத்துக்கெனக் கட்டிய அக்கப்பலையே தேடுதலுக்கு அனுப்பலாம் என்கின்றாள். அவளும் ஒரு பயணியின் மகள்; புதுநிலம் காணும் வேட்கைக்குத் தந்தையைப் பலிகொடுத்தவள். இச்செய்தியை வெர்ன் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றார். எனினும் கதையின் அச்சாணி அதுவே. கிராண்டின் பிள்ளைகளுக்காக முதலில் இரங்கியவள் அவர்களைப் போன்று இழந்தவளே ஆவாள்.

இனி, அப்பிள்ளைகளை வளர்த்தவர் யார் என்பதைப் பார்த்தல் வேண்டும். ராபர்ட் பிறந்தபோதே தாய் மறைந்தாள். தந்தை கடலில் திரிந்த காலமெல்லாம் முதிய உறவினப் பெண்மணி ஒருவர் பிள்ளைகளைப் பேணினார். கிராண்ட் காணாமற்போன பின் அவரும் இறந்தார். அப்போது மேரிக்கு வயது பதினான்கு. அவள் இரவும் பகலும் உழைத்தாள். தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்தாள். தந்தை இறந்துவிட்டார் என்றே கருதிக்கொண்டு இவ்வளவும் செய்தாள். பயணம் புறப்பட்டபோது ராபர்ட் ஒன்பது வயதுச் சிறுவன். அந்த வயதில் பிரிந்த தந்தையின் நினைவு எத்துணை நாள் தெளிவாக நிற்கும்? தந்தையின் மேன்மையைத் தம்பியின் நெஞ்சில் நாள்தோறும் புதுப்பித்தவள் அக்காளாகவே இருத்தல் வேண்டும். ராபர்ட் போற்றிய தந்தை, கடலில் இருந்த கிராண்ட் அல்லர். மேரி சொல்லிச் சொல்லி உருவாக்கிய கிராண்ட்.

இவ்வாறு நோக்கும்போது, கேள்வியின் அமைப்பே மாறிவிடுகின்றது. தொலைவில் இருக்கும் தந்தையின் செயல் தானாக வந்து பிள்ளையைத் தொடுவதில்லை. இடையில் ஒருவர் வீட்டில் தங்கியிருத்தல் வேண்டும். அவர் அச்செயலைச் சொல்லாக்கித் தர வேண்டும். பசியையும் வாடகையையும் தாமே சுமந்துகொண்டு, கசப்பில்லாமல் சொல்லித் தர வேண்டும். அதே பிரிவை, அதே வறுமையை வேறொரு குரலில் சொல்லியிருந்தால் அப்பிள்ளை தந்தையை வெறுத்து வளர்ந்திருக்கும். அதற்கும் போதிய காரணம் இருந்தது. ஊக்கம் என்பது தந்தை விட்டுச் சென்ற சொத்தன்று. அவர் விட்டுச் சென்ற வெறுமையைக் கொண்டு மற்றவர் செய்த பொருள் அது.

போத்தலில் இருந்த கடிதமும் இதனையே காட்டுகின்றது. கதையின் முடிவில் அதன் முழு வாசகம் தெரிய வருகின்றது. கப்பல் உடைந்த நாள், இடம், உயிர் தப்பிய மூவர், அவர்கள் படும் துன்பம், உதவிக்கான வேண்டுகோள் ஆகியன அதில் உள்ளன. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது குற்றமன்று, சாவின் விளிம்பில் எழுதும் ஒருவர் இடத்தைச் சொல்வாரேயன்றி உள்ளத்தைச் சொல்வாரா? ஆயினும் மேரியும் ராபர்ட்டும் அக்கடிதத்தைத் தமக்கே எழுதப்பட்டதாக ஏற்றனர். யாருக்கும் எழுதப்படாத கடிதத்தைத் தமக்குரியதாக்கிக்கொள்ளும் இவ்வுரிமையில்தான் அவர்தம் பெருமை அடங்கியுள்ளது.

கதையில் உள்ளது வாழ்விலும் உண்டா எனின், உண்டு. தென்துருவப் பயணியான ராபர்ட் பால்கன் ஸ்காட் 1910 இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது அவர் மகன் பீட்டருக்கு ஓர் ஆண்டும் நிறையவில்லை. 1912 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் நாள் ஸ்காட் துருவத்தை அடைந்தார்; நார்வே நாட்டு அமுண்ட்சன் தமக்கு முன்பே அங்கு வந்து சென்றிருந்ததைக் கண்டார். திரும்பும் வழியில் கூடாரத்திலேயே உயிர் நீத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், இயலுமாயின் மகனுக்கு இயற்கை பற்றிய அறிவில் நாட்டம் உண்டாக்குமாறு கேட்டுக்கொண்டார். கிராண்டின் கடிதத்தில் இல்லாத சொல் இக்கடிதத்தில் இருந்தது. ஆயினும் அச்சொல்லை வாழ்வாக்கியவர் சிற்பியான கேத்லீன் ஸ்காட். பனிக்கட்டிக்கு நடுவே எழுதப்பட்ட ஒரு வரியை இருபது ஆண்டுக் கால வளர்ப்பாக மாற்றியவர் அவரே. பீட்டர் ஸ்காட் பறவை ஓவியராகவும் இயற்கை ஆய்வாளராகவும் வளர்ந்தார். 1946 இல் இங்கிலாந்தின் சிலிம்பிரிட்ஜ் என்னுமிடத்தில் நீர்ப்பறவைகளுக்கான காப்பகத்தை நிறுவினார். 1961 இல் உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். தந்தை துருவத்தை வெல்லப் போனார். மகனோ வாத்துகளையும் அன்னங்களையும் அழியாமல் காக்க முனைந்தார். தந்தையின் வழி என்று இதனைச் சொல்வது எளிது. உண்மையில் அது தந்தை நடந்த வழியன்று, நடக்க விரும்பியும் இராத வழி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் கூடாது. துருவத்தை அடைந்த ஐவருள் எட்கர் எவான்ஸ் என்னும் கடற்படை வீரரும் ஒருவர். திரும்பும் வழியில் முதலில் இறந்தவர் அவரே. அவருக்கும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். தலைவரின் மகன் எவ்வாறு வளர்ந்தார் என்பதை உலகம் அறியும். இப்பிள்ளைகளைப் பற்றி எத்துணைப் பேர் அறிவர்? வெர்னின் கதையிலும் இதே நிலைதான். பிரிட்டானியாவில் சென்றவருள் தலைவரும் மாலுமிகள் இருவருமே பிழைத்தனர். ஏனைய மாலுமிகளின் வீடுகளில் யார் காத்திருந்தனர், அவர்களுக்கு யார் கப்பல் கொடுத்தனர் என்று கதை கேட்கவில்லை. ஊக்கம் பெற்ற பிள்ளைகளைப் பற்றியே உலகம் எழுதுகின்றது. ஊக்கம் பெறாமல் பட்டினி மட்டும் பெற்ற பிள்ளைகள் நூல் எழுதுவதில்லை. அவர்களைப் பற்றி எழுதுவாரும் அரியர். ஆகவே, பயணியரின் பிள்ளைகள் உயர்ந்தனர் என்னும் பொதுக்கூற்று, வென்றவர் மட்டும் சாட்சி சொன்ன வழக்கைப் போன்றது.

நார்வே நாட்டு நான்சனின் குடும்பத்தையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். பிரிட்ஜாப் நான்சன் 1893 இல் 'பிராம்' கப்பலில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டபோது அவர் மகள் லிவ் கைக்குழந்தை; 1896 இல் அவர் திரும்பியபோது மூன்று வயதைக் கடந்த சிறுமி. அப்பயணத்துக்குப் பின், 1901 இல் பிறந்தவர் மகன் ஓட் நான்சன். அவருக்குத் துருவப் பயணம் என்பது செவிவழிக் கதையே. கட்டடக் கலைஞரான அவர் பனிக்கடலை நாடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் அகதிகளுக்காக உழைத்து 1922 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதிய தந்தையையே அவர் கைக்கொண்டார். 1930-களில் நாடிழந்து வந்த அகதிகளுக்கு உதவ ஓர் அமைப்பை நிறுவினார். 1942 இல் ஜெர்மானியரால் சிறைப்பட்டு, சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைபட்டு, அங்கும் நாட்குறிப்பு எழுதினார். ஒரே தந்தையிடம் இரண்டு மனிதர் இருந்தனர். எவரைத் தொடர்வது என்று தெரிந்தெடுத்தவர் மகன். இத்தெரிவை யார் பெயரில் எழுதுவது?

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு கருத்துகளை அடுத்தடுத்து விளக்குவது வழக்கம். கற்றோர் அவையில் மகனை முன்னிற்கும் தகுதியுடையவனாக்குதல் தந்தையின் கடமை. இவனைப் பெறத் தந்தை என்ன நோன்பு நோற்றானோ என்று பிறர் வியக்குமாறு வாழ்தல் மகனின் கைம்மாறு. இவ்விரண்டும் சமநிலையில் உள்ளவை என்றே பொதுவாகக் கொள்ளப்படும். கூர்ந்து நோக்கின் வேறுபாடு புலப்படும். தந்தை செய்வது ஒரு செயல். மகன் செய்வதோ, பிறர் வாயில் ஒரு சொல்லை வருவித்தல். அச்சொல்லும் ஐயத்தோடு கூடியதே. நோன்பு நோற்றான் என்று ஊர் அறிந்து சொல்லவில்லை, மகனின் பண்பைக் கண்டு அவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்று பின்னோக்கி ஊகிக்கின்றது. பிள்ளையின் நன்மையைத் தந்தையின் கணக்கில் வரவு வைப்பது உலகத்தின் பழக்கம். வள்ளுவர் அப்பழக்கத்தை நன்கு அறிந்தவர். ஆனால் அவ்வரவை முன்கூட்டியே நம்பி, செய்ய வேண்டிய கடமையைத் தந்தை செய்யாதிருக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இந்த முன்பின் வேறுபாடே மெய்யியலார் ஆராய்ந்த சிக்கலின் உயிர்நாடி. ஆங்கிலேய மெய்யியல் அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஓவியர் கோகானை எடுத்துக்காட்டாகக் கொண்டார். மனைவியையும் பிள்ளைகள் ஐவரையும் ஐரோப்பாவில் விட்டுவிட்டு 1891 இல் தாகித்தித் தீவுக்குச் சென்றவர் கோகான். வரலாற்றுக் கோகானைச் சற்று மாற்றிக்கொண்டு வில்லியம்ஸ் கேட்ட வினா இது: கலைக்காகக் குடும்பத்தைத் துறக்கும் ஒருவரின் முடிவு சரியானதா என்பது அவர் வெல்வதைப் பொறுத்ததாயின், வெற்றியோ பெரும்பாலும் நற்பேற்றைப் பொறுத்ததாயின், ஒருவரின் அறம் நற்பேற்றின் கையில் இருக்கின்றதா? வென்றாலும் கைவிடப்பட்டோரின் முறையீடு அழிந்துபோவதில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். கோகானின் மகள் அலீன் 1897 இல் இளவயதிலேயே இறந்தாள். ஓவியங்களைப் போற்றுவோர் எத்துணைக் கோடியாயினும் அவள் சார்பில் பேச அவர்களுக்கு உரிமையில்லை.

பயணியான தந்தையின் வழக்கு கோகானின் வழக்கினும் ஒரு படி சிக்கலானது. ஓவியர் தம் ஓவியத்தைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்வார். பயணியோ, அல்லது பயணியின் புகழ்பாடுவோரோ, பிள்ளைகளையே சான்றாகக் காட்டுகின்றனர். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர்களையே நியாயத்துக்கும் சாட்சியாக அழைப்பது முறையாகுமா? பிள்ளை விரும்பி வந்து, "என் தந்தை சென்றது சரி" என்று சொல்வது வேறு. அச்சொல்லைத் தந்தை எதிர்பார்ப்பது வேறு. மன்னிப்பு வழங்கும் உரிமை பிள்ளையுடையது. அது கிடைக்கும் என்று கணக்கிட்டுக் கடன் வாங்கும் உரிமை தந்தைக்கு இல்லை.

நற்பேறு என்பதற்கு வெர்னின் கதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க இயலாது. போத்தலை ஒரு சுறா விழுங்கியது. அதே சுறா அதே கப்பலில் பிடிபட்டது. பகனெல் என்னும் பிரெஞ்சுப் புவியியல் அறிஞர், தவறான கப்பலில் ஏறிவிட்ட ஞாபக மறதிக்காரர், அழிந்த எழுத்துகளுக்கு மும்முறை பொருள் கூறுகின்றார், மும்முறையும் பிழை. படகோனியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனத் தேடித் தேடி எல்லாரும் நம்பிக்கை இழக்கின்றனர். இறுதியில் அயர்டன் என்னும் குற்றவாளியை ஆளில்லாத தீவொன்றில் விட்டுச் செல்வதற்காகக் கப்பல் திரும்புகின்றது. அத்தீவில்தான் கிராண்ட் இருக்கின்றார். தேடியபோது கிடைக்காதவர், தேடுதலைக் கைவிட்டபின் கிடைக்கின்றார். முதல்நாள் இரவு, கப்பலின் மேல்தளத்தில் நின்ற பிள்ளைகள் இருவர் காதிலும் இருளிலிருந்து தந்தையின் குரல் விழுகின்றது. மற்றவர்கள் அதனை மனமயக்கம் என்றே கருதுகின்றனர். அறிவாளியின் ஆராய்ச்சி காட்டாததைப் பிள்ளைகளின் செவி காட்டியது என்று மகிழ்வோர் மகிழலாம். ஆனால் கப்பல் அவ்விடம் வந்தது அவர்களின் அன்பினால் அன்று.

இன்னொரு செய்தி வியப்புக்குரியது. கிராண்ட் கண்டெடுக்கப்படும் டேபர் தீவு, மரியா தெரசா என்னும் பெயரோடும் நிலப்படங்களில் குறிக்கப்பட்டிருந்தது. 1843 இல் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் ஒருவர் அப்பகுதியில் பாறைத்திட்டு ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்; அச்செய்தியை நம்பி வெர்ன் அதனைத் தீவாக்கினார். பின்னாளில் அங்கே தேடியோர் கண்டது ஆழ்கடலைத்தான். இல்லாத தீவில் இருந்த தந்தையைப் பிள்ளைகள் கண்டுபிடித்தனர். வெர்ன் இதனை அறியார், அறிந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

பிள்ளைகள் தந்தையிடமிருந்து பெறுவது நன்மை மட்டும்தானா என்பதும் கேட்கத்தக்கது. தென்னமெரிக்கப் புல்வெளியில் ஓரிரவு செந்நிற ஓநாய்க் கூட்டம் மூவரைச் சூழ்ந்துகொள்கின்றது: கிளெனார்வன் பிரபு, படகோனிய வழிகாட்டி தால்காவ், சிறுவன் ராபர்ட். ஒருவர் குதிரைமீது பாய்ந்தோடி ஓநாய்களைத் தம் பின்னால் இழுத்துச் சென்றால் மற்றவர் பிழைப்பர். யார் செல்வது என்று பெரியவர் இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், ராபர்ட் பிரபுவிடம் மன்னிப்புக் கேட்டவாறே குதிரையேறி இருளில் மறைகின்றான். இளம் வாசகர்களை மெய்சிலிர்க்க வைக்கும் இடம் இது. ஆனால் அந்நேரத்தில் 'டங்கன்' கப்பலில் ஒருத்தி காத்திருந்தாள். தம்பிக்காகத் தன் இளமையைக் கொடுத்தவள் அவள். ராபர்ட் செய்தது தந்தை செய்ததே: உயர்ந்த நோக்கத்துக்காக, யாரையும் கேளாமல், தனக்காகக் காத்திருப்பவளை எண்ணாமல் புறப்பட்டுவிட்டான். சிறுவனின் செயல் பிறர் உயிரைக் காத்தது. அதனால் அது தந்தையின் செயலினும் தூயது எனலாம். எனினும் புறப்படும் பழக்கம் இரத்தத்தில் வருவதுபோல் வந்துவிட்டது. காத்திருக்கும் பொறுப்பு மீண்டும் மேரிக்கே.

கிராண்டின் கனவும் அப்படியே கைமாறுகின்றது. கதை முடிவில் ராபர்ட் கடலோடியாகித் தந்தையின் குடியேற்றத் திட்டத்தை மேற்கொள்வான் என்று வெர்ன் மகிழ்ச்சியோடு கூறுகின்றார். குடியேற்றம் யாருடைய நிலத்தில் என்று எவரும் கேட்கவில்லை. அதே நூலின் மூன்றாம் பாகம், 1863 இல் தொடங்கிய வைக்காட்டோப் போரினால் நியூசிலாந்தின் மவோரி மக்கள் தம் மண்ணுக்காகப் போராடிய காலத்தில் நிகழ்கின்றது. அம்மக்களை நரமாமிசம் உண்போராக அச்சுறுத்தும் வண்ணத்தில் தீட்டிய வெர்ன், அவர்கள் எதற்காகப் போரிட்டனர் என்பதை முற்றிலும் மறைக்கவுமில்லை. ஆயினும் அப்போரை நேரில் கண்டு திரும்பிய சிறுவன், தந்தையின் கனவை மறுபடியும் எண்ணிப் பார்த்ததாகக் கதையில் குறிப்பில்லை. தந்தையை வழிபடும் பிள்ளை தந்தையின் கண்ணால் உலகைக் காண்கின்றது. தந்தை காணத் தவறியதைத் தானும் காணத் தவறுகின்றது. ஊக்கத்தைப் பற்றிப் பேசும் பள்ளி மேடைகளில் இது நினைவுகூரப்படுவதில்லை.

அவ்வாறாயின் கிராண்ட் குற்றவாளியா? அவரை அவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட இயலாது. கடலோடியின் தொழில் கடலில்தான். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தில் யுலிசிசைக் காட்டும் இடம் இங்கு ஒப்பிடத்தக்கது. மகன்பால் வைத்த அன்பும், முதிய தந்தைக்குரிய கடமையும், மனைவிக்குரிய காதலும் தம் உலகறியும் வேட்கையை வெல்லவில்லை என்று அவன் வாயாலேயே தாந்தே சொல்ல வைக்கின்றார், வைத்தது நரகத்தில். கிராண்ட் அத்தகையவர் அல்லர். பிள்ளைகளை உறவினரிடம் ஒப்படைத்துச் சென்றார். அன்பில்லாதவர் என்று மேரி ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஒப்படைத்தது முதியவர் ஒருவரிடம் மட்டுமே. அவருக்குப் பின் யார் என்று எண்ணிய சுவடு கதையில் எங்குமில்லை. கப்பலுக்கு மாற்றுப் பாய்மரம் ஏற்றிச் செல்லும் தலைவர் வீட்டுக்கு மாற்றுத் துணை வைக்கவில்லை. அவர்மீது சொல்லத்தக்க குறை இதுவே. புறப்பட்டது குறையன்று. புறப்படும் நாளில் தாம் அறிந்திருக்கக்கூடியதை அறிய முயலாதது குறை. இவ்வளவுகோல் ஒரு பயணியை அவருடைய பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆயினர் என்பதைக் கொண்டு அளப்பதில்லை. அதனால் அது அவருக்கும் நீதி, பிள்ளைகளுக்கும் நீதி.

இலட்சியத் தந்தையைப் படைத்த வெர்ன் தம் வீட்டில் எவ்வாறு இருந்தார் என்பதையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. அவருடைய ஒரே மகன் மிஷேல் 1861 இல், கதையில் கிராண்ட் கப்பலேறிய அதே ஆண்டில், பிறந்தவன். வெர்ன் தொலைவுக் கடல்களைப் பற்றித் தம் எழுத்தறையில் எழுதிக்கொண்டிருந்தார்; மகனோ அடங்காப் பிள்ளையாக வளர்ந்தான். 1876 இல் மெத்ரே என்னுமிடத்து இளங்குற்றவாளிச் சீர்திருத்தப் பண்ணைக்கு அவனைத் தந்தையே அனுப்பினார். வீட்டை விட்டுப் போகாத தந்தையும் வீட்டில் இல்லாதவராக இருக்க இயலும் என்பதற்கு இது சான்று. எனினும் 1905 இல் வெர்ன் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப்படிகளை வெளியிட்டவன் அந்த மிஷேலே. வெளியிட்டதோடு நில்லாமல் பலவற்றை விருப்பம்போல் மாற்றியும் எழுதினான். அறிஞர்கள் இதனைக் கடிந்துகொள்வர். தந்தையின் தாளில் மகன் தன் கையால் எழுதிய எழுத்து அது என்று நோக்கின், கடிதலின் வேகம் சற்றுக் குறையும்.

ராபர்ட் கிராண்ட் மீண்டும் ஒருமுறை வெர்னின் எழுத்தில் தோன்றுகின்றான். 1874, 1875 ஆம் ஆண்டுகளில் வெளியான 'மர்மத் தீவு' என்னும் புதினத்தின் கடைசிப் பக்கங்களில், எரிமலை வெடித்துத் தீவே கடலில் மூழ்கியபின், சில மனிதர்கள் ஒரு சிறு பாறைமேல் உணவின்றிச் சாகக் கிடக்கின்றனர். அவர்களுள் அயர்டனும் ஒருவன். ஒரு காலத்தில் ராபர்ட்டையும் அவன் சுற்றத்தாரையும் காட்டிக் கொடுக்க முயன்றவன். அடிவானத்தில் ஒரு கப்பல் தோன்றுகின்றது. அது 'டங்கன்'. முன்பு விட்டுச் சென்ற குற்றவாளியை அழைத்து வருவதற்காக டேபர் தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. அங்கே அவனைக் காணாமல், யாரோ எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்துவிட்டு இங்கே வந்துள்ளது. கப்பலைச் செலுத்தி வந்த தலைவன் ராபர்ட். இம்முறை தேடி வந்தது தந்தையை அன்று.